இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு: தொழுகையும் கழிப்பறையும் நடையும்



நம் ஜமாஅத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்த முதியவர்கள் ஒரு பக்கம். ரத்த ஓட்டம் குறைந்து எலும்பின் தலை நைந்துபோன நாற்பது வயதுக்காரர்கள் இன்னொரு பக்கம். அறுவைச் செலவுக்கு உதவி கேட்டுப் பலர் வருகிறார்கள். தையல் பிரித்த பிறகு எப்படி வாழ்வது என்று கேட்டு வருபவர்கள் குறைவு. மருத்துவமனைத் தாளில் "தரையில் உட்காரக் கூடாது" என்று ஒரு வரி இருக்கும். நம் வீடுகளிலோ தொழுகை, சாப்பாடு, படுக்கை, கழிப்பறை எல்லாமே தரையில்தான்.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்த பந்து. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற மருத்துவர் உலோகப் பந்தும் பாலிஎத்திலீன் கிண்ணமும் பொருத்தி இந்தச் சிகிச்சையை நிலைநிறுத்தினார். பொருள்கள் மேம்பட்டிருந்தாலும் அடிப்படை இன்றும் அதுதான். மூட்டைச் சுற்றியுள்ள உறையையும் தசைகளையும் விலக்கித்தான் புதிய மூட்டை வைக்கிறார்கள். அவை ஆறி இறுக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பந்து நழுவும் ஆபத்து அதுவரைதான் அதிகம். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால், இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்குவதும், காலை உள்பக்கம் திருப்புவதும், கால் மேல் கால் போடுவதும் ஆகாது. முன்பக்கமாகத் திறந்திருந்தால் காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து. ஆகவே எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

90 பாகையை அளக்கக் கருவி வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் அளவு தாண்டிவிட்டது. தாழ்வான சோபா இந்த வகையில் பாயைப் போலவே கெடுதல்.

எல்லாவற்றிலும் மோசமானது குந்தி உட்காரும் கழிப்பறை. அறுவைக்குக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கிறது, கமோடு வைக்க யாரும் காசு தருவதில்லை. ஆனால் அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். வாப்பாவை அழைத்து வருவதற்கு முன்பே கமோடும், அதன் பக்கத்தில் சுவரில் கைப்பிடியும் தயாராக இருக்கட்டும். வாடகை வீடு என்றால், நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலியைப் பழைய கழிப்பறைக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொழுகை. அறுவைக்குப் பிறகு பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்ட சிலரை எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து தொழக் கூச்சப்படுகிறார்கள். மூலநோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ அனுமதி தரப்பட்ட செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. இதில் கூச்சத்துக்கு என்ன இருக்கிறது?

நாற்காலியில் தொழும்போதும் கவனம் வேண்டும். ஸஜ்தாவுக்காகத் தலையை முழங்கால் வரை கொண்டுபோகிறார்கள் சிலர். நாற்காலியில் உட்கார்ந்தாலே இடுப்பு 90 பாகை மடங்கிவிடுகிறது. அதற்கு மேல் குனிவது மூட்டை நழுவவிடும் அதே அசைவுதான். உயரமான, கைப்பிடியுள்ள நாற்காலியில் உட்கார்ந்து, ருகூஃவுக்குச் சிறிது தலை தாழ்த்தி, ஸஜ்தாவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்த்தினால் போதும். நிற்க முடிந்தவர் நின்றே தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஸஜ்தா செய்ய இயலாதவருக்கு நிற்பது கட்டாயமில்லை என்று ஹனஃபி மத்ஹபில் சலுகை உண்டு. நின்று தொழுபவர் ருகூஃவில் முதுகைத் தட்டையாக்க முயல வேண்டாம், இயன்ற அளவு குனியலாம். உங்களுக்குப் பொருந்துவதை இமாமிடம் கேளுங்கள். உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

சில மாதங்கள் கழித்து, மருத்துவர் அனுமதியோடு தரையில் ஸஜ்தாவுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. பொருத்திய மூட்டின் வகையையும் தசை பலத்தையும் பொறுத்தது அது. பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்பது ஒரு காரணம் அல்ல.

ஒளுவுக்கு ஹவுளின் விளிம்பில் உட்கார்ந்து கால் கழுவக் குனிவதும் வேண்டாம். தரை வழுக்கும், இருக்கையும் தாழ்வு. வீட்டிலேயே உயரமான ஸ்டூலில் உட்காருங்கள். பிள்ளைகள் காலைக் கழுவிவிடட்டும். கல்யாண வீட்டில் ஸஹன் முன்னால் உட்காரச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள், தயவுசெய்து ஒரு மேசையை ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் ஸ்கூட்டரில் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை மாதக்கணக்கில் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவு 'வேண்டாம்' சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நடக்க வேண்டும். மூட்டு தேய்ந்துவிடும் என்று பயந்து உம்மாவைக் கட்டிலிலேயே வைத்திருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். நடக்காத காலில் தசை வற்றும், எலும்பு வலுவிழக்கும், அடுத்த முறை விழுந்தால் அடி பலமாகும். கைத்தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். நடக்கையில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு சுமை விழுகிறது. ஆகவே ஐந்து கிலோ குறைத்தால் மூட்டுக்குக் கிடைக்கும் நிம்மதி அதைவிடப் பெரிது. ஓட்டமும் குதிப்பும் வேண்டாம்.

மாற்றிய மூட்டுகளில் பத்தில் ஆறுக்குச் சற்றுக் குறைவாக 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அதனால் நாற்பது வயதில் மாற்றியவர் இரண்டாவது அறுவையையும் எதிர்பார்த்தே வாழ வேண்டும். வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் சொன்ன தேதியில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

கிருமித் தொற்று பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். சர்க்கரை உள்ளவர்கள் கால் புண்ணையும் சிறுநீர்த் தொற்றையும் அலட்சியம் செய்யக் கூடாது. பல் பிடுங்கும் முன் செயற்கை மூட்டு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு இடுப்பில் சூடும் வீக்கமும் வந்தாலோ, கவட்டில் புதிதாக வலி தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். திடீரென்று கடும் வலியோடு கால் குட்டையாகித் திரும்பிக்கொண்டால் மூட்டு நழுவியிருக்கலாம். எண்ணெய் போட்டு நீவவோ இழுக்கவோ விடாதீர்கள். அசைக்காமல் ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள்.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசுங்கள். ஸஃயு மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர், அதற்குச் சக்கர நாற்காலி கிடைக்கும். மினாவில் படுக்கையும் கழிப்பறையும்தான் சிரமம். மடக்குக் கமோடு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லலாம்.

நம் அலுவலகத்தில் கமோடு நாற்காலிகளும் வாக்கர்களும் இரவலுக்கு இருக்கின்றன. அஸருக்குப் பின் வந்து, நோயாளியின் உயரத்தைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். தேவை முடிந்ததும் கழுவித் திருப்பித் தந்துவிடுங்கள், அடுத்தவர் காத்திருக்கிறார்.