கரைவலைப் பாடு

கரைவலை இழுக்கும் கடற்கரைப் பகுதிக்குப் 'பாடு' என்று பெயர். உழைப்புக்கும் துன்பத்துக்கும் தமிழில் அதே சொல்தான். புத்தளம் மாவட்டத்தில், முந்தல் களப்புக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் உடப்பில், இப்பொருள்களைப் பிரித்துப் பார்ப்பது எளிதன்று.

உடப்பு என்றதும் திரௌபதை அம்மன் கோயிலின் ஆடித் தீமிதிப்பும், அம்பாப் பாடல்களும் இலக்கிய அன்பர்களின் நினைவுக்கு வரும். வலைக்கயிற்றை ஒருங்கே இழுப்போர் பாடுவது அம்பா. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். பாட்டைச் சுவைத்த நாம், கயிற்றைப் பிடித்தவனின் கணக்கைக் கேட்டோமில்லை.

வலையும் தோணியும் சம்மாட்டியுடையவை. மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்து, எஞ்சியதைச் சம்மாட்டியும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்வர். பங்கின் அளவு ஊருக்கு ஊர் வேறுபடும். முறை என்னவோ நேர்மையானதே. இலாபமும் நட்டமும் இரு சாராருக்கும் பொது. ஆனால், செலவு என்பது எது? கயிறா, தேநீரா, சென்ற மாதம் கிழிந்த மடியா? அதை எழுதுபவர் ஒருவர். எழுதியதை நம்ப வேண்டியவர் இருபது முப்பது பேர். வலையைக் காலத்தில் செப்பனிடாத சம்மாட்டியின் அசட்டையும், மீன் கண்ட வேளையில் தோணியை இறக்காத சம்மாட்டியின் தயக்கமும் தொழிலாளியின் பங்கிலேதான் வந்து விழுகின்றன. குறைந்த பங்கைப் பொறுத்துக்கொள்ளும் மனிதன், இருண்ட கணக்கைப் பொறுப்பதில்லை என்பது என் எண்ணம்.

விலகிப் போகலாமே என்பீர்கள். சோழகம் வீசும் மாதங்களில் மேற்குக் கரையில் கரைவலைக்கு வேலை இல்லை. அடுப்பு எரிய வேண்டுமானால் சம்மாட்டியிடமே முற்பணம் வாங்க வேண்டும். அது அடுத்த பருவத்து உழைப்புக்கு இட்ட முடிச்சு. அதனை அடைக்க ஒப்பும் வேறொரு சம்மாட்டியிடம் போனாலோ, கடன் தீர்வதில்லை. கை மாறுகிறது, அவ்வளவே. போதாக்குறைக்குச் சம்மாட்டி மாமனாகவோ மைத்துனனாகவோ இருந்துவிடுவார். திருவிழாவில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே!

சோழகத்தில் கிழக்குக் கரைக்குப் பெயர்ந்து தொழில் செய்யும் வழக்கம் மேற்குக் கரையாரிடம் முன்னர் இருந்தது. போர் ஆண்டுகளில் அவ்வழி பெரும்பாலும் அடைபட்டது. 1980களில் புத்தளக் கரையில் இறால் பண்ணைகள் பெருகின. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து அவற்றுள் பலவும் வீழ்ந்தன. போக்கிடம் என்று நம்பியதும் நிலைப்பதில்லை.

ஆங்கிலக் கப்பலோட்டிகளிடம் 'லீவ் ஹெர், ஜானி' என்றொரு தொழிற்பாட்டு உண்டு. பயணம் முடிந்து, கப்பல் துறையை அடைந்தபின், கடைசி வேலையின்போது பாடுவது. கெட்ட உணவு, கொடிய தலைவன், ஓட்டைக் கப்பல் ஆகிய அனைத்தையும் அப்போது வாய்விட்டு ஏசலாம். நடுக்கடலில் அடக்கி வைத்த சொல், சம்பளம் வாங்கி இறங்கப்போகிறவனுக்கு எளிதாக வந்துவிடுகிறது. பருவம் முடிந்தும் கடன் முடியாத கரைவலைக்காரனுக்கு இறங்கும் துறை எது?

அண்மைக்காலத்தில் இலங்கையின் கரைகள் சிலவற்றில், உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. அங்கெல்லாம், இருப்பதா விலகுவதா என்று தொழிலாளி எண்ணி முடிக்குமுன் சம்மாட்டி முடிவு செய்துவிடலாம். அம்பா ஓய்கின்றதே என்று இலக்கிய அரங்குகளில் வருந்துகிறோம். பாட்டு ஓய்ந்த இடத்தில், பாடியவர் பெயரிலிருந்த கடனும் ஓய்ந்ததா என்று எவரும் கேட்கக் காணேன்.