குறைந்தது சக்தியா, பிடித்தது பிறேக்கா?

புற்றுநோய் என்று அறிந்ததும், எங்கள் மாமிக்கு எதிர்ப்புச் சக்தி கூட்டவென்று சத்துமா கொண்டுவராத உறவினர் இல்லை. நானும் ஒரு பொதி வாங்கிப் போனேன்.

ஆனால் பல புற்றுநோய்களில் சிக்கல் சக்திக் குறைவல்ல, அதைப் பிடித்துவைக்கும் பிறேக். நோயை எதிர்க்கும் ரி கலங்களின் மேற்பரப்பில் சீரீஎல்ஏ-4 என்றொரு வாங்கி உண்டு. அது அவற்றை அடக்கிவைக்கிறது.

1990களின் நடுவில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் அலிசனின் குழு, கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுகூடத்தில், கட்டியுள்ள எலிகளுக்கு அந்த வாங்கியை மறிக்கும் பிறபொருளெதிரியை ஏற்றியது. கட்டிகள் மறைந்தன. மருந்து கட்டியைத் தொடவேயில்லை. அழித்தவை எலிகளின் சொந்தக் கலங்கள்!

அவ்வழியில் வந்த இபிலிமுமாப், மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எல்லோருக்கும் பலிப்பதில்லை. பிறேக் விலகிய கலங்கள் சிலரின் குடலையும் தோலையுமே தாக்கும்.

சத்துமா எந்தப் பிறேக்கையும் விடுவிப்பதில்லை. மாமி அதைக் கஞ்சியாக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்.