முரண்டுக்குப் பின்னால் ஒரு முறையீடு

ஒசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில், தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளரிடம் எரிந்துவிழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே விளக்கம் கேட்டு மெமோ அளிக்கப்படும். அது நடத்தையைப் பதிவு செய்யும், காரணத்தைக் கண்டறியாது.

சிகாகோ அருகே ஹாதோர்ன் தொழிற்சாலையில் 1928-இல் தொடங்கிய நேர்காணல்களில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பேசினர். கேள்விப் பட்டியலைக் கைவிட்டு, குறுக்கிடாமல் செவிமடுத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பணியிடம் பற்றிய சில புகார்களின் வேர், வீட்டுக் கவலையில் இருந்தது.

தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று பல மொழிகள் புழங்கும் ஒசூரில் சிக்கல் இன்னும் கூடுதல். அரைகுறை மொழியில் சொன்ன பதில் திமிராகத் தோன்றக்கூடும். எனவே, பயிற்சி முதலில் தேவைப்படுவது மேற்பார்வையாளருக்கே. தொழிலாளியைத் தனியே அழைத்து, குணத்தைப் பழிக்காமல் நடந்ததை மட்டும் குறிப்பிட்டு, காரணம் கேட்டு, மறுசந்திப்புக்கு நாள் குறிக்க அவர் பழக வேண்டும். வன்முறையும் பாலியல் துன்புறுத்தலும் இதற்குப் புறம்பானவை. அவற்றுக்குச் சட்ட நடவடிக்கையே வழி.

ஆயினும், கனிவான பேச்சு பணிச்சுமைக்கு மருந்தாகாது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களில் குறைதீர்க் குழு வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. ஒருவரின் முரண்டுக்கு ஆலோசனை போதும்; பலரும் ஒரே குறையைச் சொன்னால், திருத்த வேண்டியது பணிமுறையைத்தான்.