நள்ளிரவுக்குப் பின் ஒரு நாற்காலி

பொருளாதாரம் கற்பித்தவன் பங்க் இசையைப் பற்றி எழுதுவதைக் கண்டு என் பழைய மாணவர்கள் சிரிக்கக்கூடும். கர்நாடக இசையும் பழைய திரைப்பாடல்களும் தவிர வேறெதையும் நான் விரும்பிக் கேட்டவன் அல்லன். சென்ற ஆண்டு அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, உறக்கம் வராத ஓர் இரவில், மருமகன் பழைய ஒளிப்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். 1980 ஜூன் 27 அன்று என்பிசி தொலைக்காட்சியில் இரவு ஒரு மணிக்கு மேல் ஒளிபரப்பான ‘டுமாரோ’ என்னும் பேட்டி நிகழ்ச்சி அது. நெறியாளர் டாம் ஸ்னைடர். அவர் முன்னே இரு இங்கிலாந்து இளைஞர்கள், ஜான் லைடனும் கீத் லெவீனும்.

ஸ்னைடர் அவர்களுடைய இசைக்குழுவைப் பற்றிக் கேட்கிறார். ‘நாங்கள் இசைக்குழு அல்ல, ஒரு கம்பெனி’ என்ற பொருளில் லைடன் விடை தருகிறார். ஸ்னைடருக்கு அது திமிராகப் படுகிறது. எனக்கோ நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. நிறுவனம் என்பது என்ன, அது ஏன் உருவாகிறது என்ற கேள்வியை, ரொனால்டு கோஸ் 1937இல் எழுதிய கட்டுரையை முன்வைத்து, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் விளக்கியவன் நான். அந்தக் கேள்வியை இருபத்து நான்கு வயதுப் பாடகர் ஒருவர் நள்ளிரவில் ஒரு நெறியாளரின் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பார் என்று எதிர்பார்த்ததில்லை. அதன்பின் சில வாரங்கள் அத்தகைய பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

இந்த இசை அறிமுகமில்லாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் தோன்றிய பங்க் இசை வேகமானது, எளிமையானது. தேர்ச்சியைப் பெருமையாகக் கருதாதது. இரண்டு மூன்று சுரக்கோவைகள் தெரிந்தால் மேடையேறலாம் என்பதே அதன் கொள்கை. அதன் பின்னே வந்த, சற்று மெருகேறிய வடிவத்துக்கு நியூ வேவ் என்று பெயர். இரண்டுக்கும் நடுவிலான கோடு இசையால் மட்டும் போடப்பட்டதன்று. பங்க் என்ற சொல்லைக் கேட்டாலே வானொலி நிலையங்கள் ஒதுங்கியதால், இசைத்தட்டு நிறுவனங்கள் ‘புதிய அலை’ என்ற மென்மையான பெயரை விரும்பி முன்னிறுத்தின. சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டுவது வணிகத்தில் புதிதல்லவே.

1976 டிசம்பர் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கைநீட்டிய 390 கோடி டாலர் கடன்தான். அதுவரை அந்த நிதியத்திடம் எந்த நாடும் அவ்வளவு பெரிய தொகை கேட்டதில்லை. வேலையற்றோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்த நாட்டில், அக்கடனுக்கு ஈடாக அரசுச் செலவு வெட்டப்பட்டது. இந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அதே டிசம்பர் முதல் நாள் மாலை, லண்டன் தேம்ஸ் தொலைக்காட்சியின் ‘டுடே’ நிகழ்ச்சியில் நடந்தது எனக்குத் தெரியாது. குவீன் இசைக்குழு வர முடியாமற்போகவே, அதே இஎம்ஐ நிறுவனத்தின் மற்றொரு குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் அனுப்பப்பட்டது. அதன் பாடகர்தான் அப்போது ஜானி ராட்டன் என்று அழைக்கப்பட்ட இந்த லைடன். நெறியாளர் பில் கிரண்டி அவர்களைச் சீண்டினார். அதிர்ச்சி தரும்படி ஏதேனும் சொல்லுமாறு தூண்டினார். அவர்களும் சொன்னார்கள். குடும்பங்கள் தேநீர் அருந்தும் வேளையில் வசைச் சொற்கள் நேரலையில் வீடுகளுக்குள் போயின.

கிரண்டி இரண்டு வாரம் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அவருடைய தொழில்வாழ்வு பிறகு நிமிரவே இல்லை. குழுவின் கச்சேரிகள் ஊர் ஊராக ரத்தாயின. ஜனவரியில் இஎம்ஐ ஒப்பந்தத்தை முறித்தது. மார்ச்சில் ஏ அண்ட் எம் நிறுவனம் ஒப்பந்தம் செய்து, ஏறத்தாழ ஒரே வாரத்தில் 75,000 பவுண்டு கொடுத்து விடுபட்டது. கலகத்தை விலைக்கு வாங்கியவர்கள், அதிலிருந்து தப்பவும் விலை கொடுத்தார்கள்.

மாலை ஆறு மணியில் இவ்வளவு சேதம் விளைவித்த ஒருவரை அமெரிக்கப் பெருந்தொலைக்காட்சி ஒன்று பிறகு எப்படி உள்ளே விட்டது? தாராள மனம்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. கடிகாரமே காரணம். தொலைக்காட்சி விற்பது நிகழ்ச்சிகளை அல்ல; பார்வையாளர்களின் கவனத்தை விளம்பரதாரர்களுக்கு விற்கிறது. இரவு எட்டு மணியின் ஒரு நிமிடமும் இரவு ஒரு மணியின் ஒரு நிமிடமும் ஒரே விலை பெறுவதில்லை. விலை குறைவான நிமிடத்தில் தவறு நேர்ந்தால் இழப்பும் குறைவு. எனவே அங்கே துணிந்து பார்க்கலாம்.

அந்த மலிவான நேரம் உருவானதற்கும் ஒரு கதை உண்டு. 1971 ஜனவரி 2 முதல் அமெரிக்க வானொலி, தொலைக்காட்சிகளில் சிகரெட் விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. பெரும் வருவாய் ஒன்று ஒரே நாளில் நின்றது. அதுவரை இருளில் மூழ்கிக் கிடந்த பின்னிரவு மணிகளிலிருந்தும் காசு பார்க்க முடியுமா என்று நிலையங்கள் யோசிக்கத் தொடங்கின. ஜானி கார்சனின் புகழ்பெற்ற ‘டுநைட்’ நிகழ்ச்சி ஒரு மணிக்கு முடிந்ததும் ‘டுமாரோ’ தொடங்கும் ஏற்பாடு 1973 அக்டோபரில் வந்தது. புகையிலையைத் தடுக்க வந்த சட்டம் பங்க் இசைக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டது. அந்த நிகழ்ச்சியின் நெறியாளரோ ஒளிக்கருவி முன்னால் ஓயாமல் புகைத்துக்கொண்டிருப்பார்.

ஸ்னைடரின் நிகழ்ச்சியில் அப்போது அரங்கப் பார்வையாளர்கள் இல்லை, சிரிப்பொலி இல்லை. இரண்டு நாற்காலிகள், கரிய பின்புலம், நீண்ட உரையாடல். சுயநலமே அறம் என்று வாதிட்ட ஐன் ராண்ட் 1979இல் அங்கே வந்தார். 1977 அக்டோபரில், பங்க் என்றால் என்ன என்று அறிய ஒரு கலந்துரையாடலே நடந்தது. கச்சேரி ஏற்பாட்டாளர் பில் கிரஹாம், தயாரிப்பாளர் கிம் ஃபவுலி, விமர்சகர் ராபர்ட் ஹில்பர்ன் ஆகிய பெரியவர்களுடன், தி ஜாம் குழுவின் பால் வெல்லர், தி ரன்அவேஸ் குழுவின் ஜோன் ஜெட் என்னும் இரு இளையவர்கள். இருவருக்கும் வயது பத்தொன்பது. எனக்கும் அந்த ஆண்டு அதே வயது. எங்கள் ஊரில் தொலைக்காட்சிப் பெட்டியே கிடையாது. சென்னையிலும் மாலையில் சில மணி நேரம் ஓடி அடங்கிவிடும். இளைஞர்களைப் பற்றிப் பெரியவர்கள் கூடிப் பேசும் காட்சி மட்டும் எனக்கு நன்றாகப் பழகியது.

1980இன் லைடன் பேட்டிக்குத் திரும்புவோம். செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு 1978 ஜனவரியில் சிதறிவிட்டிருந்தது. பழைய பட்டப்பெயரை விட்டுவிட்டு அவர் தொடங்கிய அமைப்பின் பெயர் பப்ளிக் இமேஜ் லிமிடெட். ‘லிமிடெட்’ என்பதைக் கவனியுங்கள். நம் தெருமுனை நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் இருக்கும் அதே சொல். 1979 நவம்பரில் அவர்கள் வெளியிட்ட இசைத்தொகுப்பு, மூன்று தட்டுகளை ஒரு வட்டத் தகரப் பெட்டிக்குள் அடைத்து விற்கப்பட்டது. சரக்கு என்பதை மறைக்காத சரக்கு.

பேட்டி நிகழ்ச்சியின் பண்டமாற்று எளிமையானது. விருந்தினருக்குக் கிடைக்கும் ஊதியம் அற்பம். உண்மையான கூலி விளம்பரம். அதற்கு ஈடாக அவர் தர வேண்டியது இனிய பேச்சு: ஒரு குறும்புக் கதை, ஒரு சிரிப்பு, நெறியாளரை நல்லவராகக் காட்டும் பணிவு. இந்த ஒப்பந்தத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலிருப்பதே அதன் முதல் விதி. லைடன் அந்த விதியை மீறினார். விளம்பரத்தை எடுத்துக்கொண்டு விலையைத் தர மறுத்தார். ராக் இசை செத்துவிட்டது என்றார், கேள்விகளை அலட்சியம் செய்தார், சலிப்பை மறைக்கவே இல்லை. ஸ்னைடரின் பொறுமை கண்முன்னே கரைகிறது. முதல் முறை பார்த்தபோது என் அனுதாபம் ஸ்னைடருக்கே. வீட்டுக்கு வந்த விருந்தாளி இப்படி நடக்கலாமா என்றுதான் தோன்றியது. ‘அவர் விருந்தாளி இல்லை மாமா, அங்கே வேலைக்கு வந்தவர்’ என்றார் மருமகன். பிறகு மீண்டும் பார்த்தேன்.

பட்ஜெட் நாட்களில் தமிழ்த் தொலைக்காட்சி விவாதங்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். ஒரு முறை, நிதிப் பற்றாக்குறை பற்றி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் இடைவேளை வந்தது. இடைவேளையில் ஓர் இளைஞர் பணிவாக, ‘ஐயா, கொஞ்சம் சூடா பேசுங்க’ என்றார். நான் சூடாகப் பேசினேன். நம்பாத ஒன்றைச் சொல்லவில்லை. ஆனால் நம்பியதை அதற்கு உரியதைவிட உரத்த குரலில் சொன்னேன். போகும்போது எல்லோரும் கைகுலுக்கினார்கள். அங்கே கைமாறியது என்ன என்று நான் அன்று யோசிக்கவில்லை. சந்தையைப் பற்றி ஆயுள் முழுவதும் பேசியவன், தான் நின்ற கடையைக் கவனிக்கத் தவறினேன்.

லைடனின் வழி ஒன்றுதான் வழி என்றும் சொல்ல முடியாது. 1981 ஜூனில் அதே ‘டுமாரோ’வுக்குத் தி கிளாஷ் குழுவினர் வந்தார்கள். அதற்குள் நிகழ்ச்சி மாறியிருந்தது. அரங்கில் பார்வையாளர்கள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கிளாஷ் குழுவினர் ஸ்னைடருடன் இணக்கமாகப் பேசினார்கள். கூலித் தொழிலாளி ஒருவனின் ஒரு நாள் வாழ்வைச் சொல்லும் ‘தி மேக்னிஃபிசென்ட் செவன்’ பாடலையும் பாடினார்கள். பணிந்துபோய்விட்டார்கள் என்று எண்ணலாம். ஆனால் அந்த நாட்களில் ஸ்டுடியோவுக்கு வெளியே நடந்ததைப் பார்க்க வேண்டும். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பாண்ட்ஸ் அரங்கின் ஏற்பாட்டாளர்கள் இடத்தை மிஞ்சி நுழைவுச்சீட்டுகளை விற்றிருந்தார்கள். நகர அதிகாரிகள் தலையிட்டு, அனுமதிக்கப்படும் கூட்டத்தைக் குறைத்தார்கள். சீட்டு வாங்கிய எவரும் ஏமாறக் கூடாது என்பதற்காக, முதலில் திட்டமிட்டதைப் போல இருமடங்குக்கும் மேலாக, மொத்தம் 17 கச்சேரிகளை அக்குழு நடத்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1980 டிசம்பரில் வெளியான ‘சாண்டினிஸ்டா’ என்ற மூன்று தட்டுத் தொகுப்பு, ஏறத்தாழ ஒரு தட்டின் விலைக்கே விற்கப்பட்டது. நிறுவனத்தை அதற்கு இசைவிக்க, பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான உரிமைத்தொகையைக் குழு விட்டுக்கொடுத்தது.

இதைத்தான் நான் மதிக்கிறேன். நாற்காலியில் அமர்ந்து முகம் சுளிப்பதற்குச் செலவு அதிகமில்லை. அதுவும் ஒருவகையில் நல்ல விளம்பரமே. விலைச்சீட்டில் கைவைப்பது வேறு. அது தன் பையிலிருந்து போகும் பணம்.

கலகத்தைத் தொலைக்காட்சி செரித்துக்கொள்ளும் விதத்துக்கு எல்விஸ் காஸ்டெல்லோவின் கதை நல்ல சான்று. 1977 டிசம்பர் 17 அன்று, விசா கிடைக்காத செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு மாற்றாக ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சிக்கு வந்தவர் அவர். ஒரு பாடலைத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, ஒலிபரப்பு நிறுவனங்களைச் சாடும் ‘ரேடியோ ரேடியோ’ பாடலுக்குத் தாவினார். பதினோரு ஆண்டுகளுக்கும் மேல், 1989 வரை, அந்த மேடை அவருக்கு மூடப்பட்டது. 1999இல் நிகழ்ச்சியின் வெள்ளிவிழா. பீஸ்டி பாய்ஸ் குழு பாடத் தொடங்கியதும் காஸ்டெல்லோ இடைமறித்து, அவர்களையே பக்கவாத்தியமாக்கிக்கொண்டு, அதே பாடலைப் பாடினார். அரங்கம் ஆரவாரித்தது. தண்டிக்கப்பட்ட குற்றம் இருபத்திரண்டு ஆண்டுகளில் திருவிழா நிகழ்ச்சியாகிவிட்டது.

ஸ்னைடரின் நிகழ்ச்சி நீடிக்கவில்லை. 1982 பிப்ரவரி முதல் அந்த நேரம் டேவிட் லெட்டர்மேனுக்குப் போனது. அவர் கேலியை முன்வைத்தார். அங்கும் புதிய குழுக்கள் வந்தன. 1983 அக்டோபரில் ஆர்.இ.எம். குழு வந்து, இன்னும் பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு பாடலைப் பாடிவிட்டுப் போனது. ஆனால் பின்னிரவும் நல்ல விலை பெறத் தொடங்கிவிட்டது. விலை ஏறிய இடத்தில் தவறுக்கு இடம் குறையும்.

லைடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. 2008இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ‘கன்ட்ரி லைஃப்’ வெண்ணெய் விளம்பரத்தில் அவர் தோன்றினார். கோட்டும் தொப்பியுமாக நாட்டுப்புறக் கனவானைப் போல நின்று வெண்ணெயைப் புகழ்ந்தார். பழைய ரசிகர்கள் பலர் துரோகம் என்றனர். பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்த பப்ளிக் இமேஜ் லிமிடெட் மறு ஆண்டு மீண்டும் மேடையேறியது. அதற்கு முதல் போட்டது வெண்ணெய்ப் பணம்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. 2012இல் வந்த புதிய தொகுப்பைப் பெரிய இசைத்தட்டு நிறுவனம் எதுவுமின்றித் தம் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்கள். விளம்பரத்தைப் பார்த்து முடித்தபோது மருமகன் என் முகத்தைப் பார்த்தார். ‘கம்பெனி என்று அன்றைக்கே சொல்லிவிட்டாரே’ என்றேன்.