சிவந்து ஓடும் ஆறு

ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில், செவில் நகரிலிருந்து மேற்கே உவெல்வாவை நோக்கி ஏறத்தாழ 60 கிலோமீட்டர் போனால் நியெப்லா என்ற சிற்றூர் வரும். மக்கள்தொகை நாலாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். ஊரைச் சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பழைய மதில் வளைந்து செல்கிறது. மண்ணையும் சுண்ணாம்பையும் சரளைக் கல்லையும் மரச் சட்டங்களுக்குள் கொட்டி இடித்து இறுக்கிக் கட்டிய மதில் அது. 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் அல்மொஹாத் முஸ்லிம் அரசர்கள் காலத்தில் உருப்பெற்றது. காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ பல மாதங்கள் முற்றுகையிட்ட பிறகே 1262-இல் இந்த ஊர் அவர் கைக்கு வந்தது.

மதிலில் செவில் வாசல், எருது வாசல், தண்ணீர் வாசல் என்று பழைய பெயர்களுடன் வாசல்கள் உள்ளன. ஊருக்கு வெளியே சிறிது தூரத்தில் ரோமானியர் போட்ட பாலம். பலமுறை பழுது பார்க்கப்பட்டு, ஸ்பானிய உள்நாட்டுப் போரில் சேதமடைந்து, மறுபடியும் எடுத்துக் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. அந்தப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்க்கும்போதுதான் இந்த ஊரின் உண்மையான அதிசயம் கண்ணில் படும்.

ஆறு சிவப்பாக ஓடுகிறது. ஆழமான இடத்தில் அது கருஞ்சிவப்பு. கரையோரம் மெலிந்து பரவும் இடத்தில் கடுந்தேநீரின் நிறம். நம் ஆறுகள் வெள்ளக் காலத்தில் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கி வருமே, இது அந்தச் சிவப்பு அல்ல. ஒரு கண்ணாடிக் குவளையில் மொண்டு வைத்தால் அடியில் பெரிதாக வண்டல் தங்காது. நீர் தெளிவாகவே இருக்கும், நிறம் மட்டும் போகாது. ஆற்றின் பெயர் ரியோ டின்டோ. டின்டோ என்றால் சாயமேறியது என்று பொருள். ஸ்பானியர் சிவப்பு ஒயினையும் இதே சொல்லால்தான் குறிப்பார்கள்.

யார் ஏற்றிய சாயம் இது?

பாறையில் தொடங்கும் கதை

ஆறு பிறக்கும் இடம் வடக்கே, சியெர்ரா மொரேனா மலைத்தொடரில், பேன்யா தெ இயெர்ரோ என்ற பகுதியில். பெயருக்குப் பொருளே இரும்புப் பாறை. அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தெற்கே ஓடி, உவெல்வா நகருக்கு அருகில் ஓடியெல் ஆற்றுடன் சேர்ந்து அட்லாண்டிக்கில் கலக்கிறது.

அந்த மலைப்பகுதியின் அடியில், செவில் மாகாணத்திலிருந்து போர்ச்சுகல்வரை சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கனிமப் பட்டை கிடக்கிறது. ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இந்த நிலம் கடலடியாக இருந்தபோது, எரிமலை வெப்பத்தில் கொதித்த நீர் உலோகங்களைக் கரைத்துக் கொண்டுவந்து கடல்தரையில் படியவிட்டது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் அதில் மிகுதி. பொன்னைப் போல மின்னிப் பலரை ஏமாற்றிய கல் அது. அதனுடன் செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளி ஆகியவையும் கலந்திருக்கின்றன.

பைரைட் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும்வரை சாது. நீரும் ஆக்சிஜனும் அதைத் தொட்டால் கதை மாறுகிறது. கந்தகம் கந்தக அமிலமாகிறது. இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது. ரியோ டின்டோ நீரின் அமில அளவு, அதாவது பி.எச். எண், சராசரியாக 2.3. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை ஒத்தது. இந்த அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். அப்படிக் கணக்கிட்டால் தூய நீரைவிட இந்த ஆறு ஏறத்தாழ 50,000 மடங்கு அமிலம் மிகுந்தது. புளி போட்டுத் தேய்த்தால் செம்புப் பாத்திரத்தின் களிம்பு கரைந்து வருவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். இங்கே ஒரு முழு ஆறே மலையின் உலோகங்களை அப்படிக் கரைத்து எடுத்துக்கொண்டு போகிறது.

கல்லைத் தின்பவர்கள்

ஆனால் காற்றும் நீரும் மட்டும் இதைச் செய்துவிட முடியாது. கரைந்த இரும்புக்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலை ஃபெரஸ். அது ஓர் எலக்ட்ரானை இழந்தால் ஃபெரிக். ஆற்றுக்குச் சிவப்பு தருவது இந்த ஃபெரிக் இரும்பு. பைரைட்டை வேகமாக அரிப்பதும் அதுதான். ஆனால் பைரைட்டை அரிக்கும் வேலையில் ஃபெரிக் மறுபடி ஃபெரஸ் ஆகிவிடுகிறது. அதைத் திரும்ப ஃபெரிக் ஆக்கினால்தான் அரிப்பு தொடரும். இவ்வளவு அமிலமான நீரில் ஆக்சிஜன் தானாக அந்த மாற்றத்தைச் செய்வது மிக மிக மெதுவாகவே நடக்கும்.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவை நுண்ணுயிர்கள். அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ், லெப்டோஸ்பிரில்லம் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று வாயில் நுழையாத பெயர்கள் அவற்றுக்கு. முதலாவதை 1947-இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமில நீரில் கண்டுபிடித்தார்கள். சூரிய ஒளி வேண்டாம், இலை தழை வேண்டாம், இரை வேண்டாம். ஃபெரஸ் இரும்பிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. அந்த ஆற்றல் மிகச் சொற்பம். ஒரு பிடி அரிசிக்காக ஒரு களத்து நெல்லையே தூற்ற வேண்டிய நிலை. அதனால் அவை தம் உடல் எடையைப்போலப் பல மடங்கு இரும்பை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்த உயிர்கள் கலந்துகொண்டால் இரும்பின் மாற்றம் பத்து லட்சம் மடங்குவரை வேகம் பெறலாம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

நியெப்லா பாலத்திலிருந்து நாம் பார்க்கும் சிவப்பு இப்படி வந்ததுதான். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி உயிர்கள் பிழைப்புக்காகச் செய்யும் வேலையின் மிச்சம் அது.

இன்னொரு வியப்பும் உண்டு. மழை பெய்தால் எந்த அமிலமும் நீர்த்துப்போக வேண்டும். வெயிலில் நீர் வற்றினால் செறிவு கூட வேண்டும். ஆனால் இந்த ஆற்றின் அமில அளவு நெடுந்தூரத்துக்கும் பருவங்களைக் கடந்தும் பெரிதாக மாறுவதில்லை. காரணம் அதே ஃபெரிக் இரும்பு. நீர் கூடும்போது அது தண்ணீருடன் வினைபுரிந்து துருப்போன்ற படிவாக மாறுகிறது. அந்த வினையில் புதிதாக அமிலம் பிறக்கிறது. நீர் குறையும்போது படிவு மறுபடி கரைந்து, கூடுதல் அமிலத்தை இழுத்துக்கொள்கிறது. நல்ல குடும்பத் தலைவி கையிருப்பை வைத்து வரவு செலவைச் சரிக்கட்டுவது போல, ஆறு தன் புளிப்பைத் தானே காத்துக்கொள்கிறது.

மனிதர்களின் பங்கு

இவ்வளவு அமிலமும் உலோகமும் சுரங்கத்தால் வந்த கேடு என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கைக்குப் போதிய காரணம் இருந்தது. இங்கே ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் பாறையை வெட்டியிருக்கிறார்கள். பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த தார்த்தெஸ்ஸியர் வெட்டினார்கள். ஃபினீசியர் வெள்ளி தேடி வந்தார்கள். ரோமானியர் ஆழமான சுரங்கங்களில் ஊறிய நீரை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அமைத்த மரச் சக்கரங்களால் இறைத்து வெளியேற்றினார்கள். அவர்களுடைய உலைப் புகை எவ்வளவு தூரம் போனது தெரியுமா? கிரீன்லாந்தின் பனிப்படலத்தில் கி.மு. 150-க்கும் கி.பி. 50-க்கும் இடையில் படிந்த ஈயத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த வட்டாரச் சுரங்கங்களிலிருந்து போனது என்று, ஈயத்தின் அணு வகைகளை அளந்து 1997-இல் விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

1873-இல் பிரிட்டிஷ் முதலீட்டாளர்கள் ஸ்பெயின் அரசிடமிருந்து சுரங்கத்தை வாங்கினார்கள். இன்று உலகெங்கும் பேசப்படும் ரியோ டின்டோ நிறுவனத்தின் பெயர் இந்த ஆற்றின் பெயர்தான். சில ஆண்டுகளிலேயே உவெல்வா துறைமுகம்வரை ஆற்றை ஒட்டி ரயில் பாதை வந்தது. தாதுவை மலைபோலக் குவித்து, திறந்த வெளியில் மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை வயல்களைக் கருக்கியது, மூச்சை அடைத்தது. அதை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளரும் விவசாயிகளும் சேர்ந்து 1888 பிப்ரவரி 4-ஆம் நாள் சுரங்க ஊரின் திடலில் கூடியபோது, படைவீரர்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். பலர் உயிரிழந்தனர். காற்றின் தூய்மைக்காகச் சாமானிய மக்கள் உயிர் கொடுத்த தொடக்ககால நிகழ்வுகளில் அது ஒன்று. அந்த வட்டாரம் அந்த ஆண்டை இன்றும் துப்பாக்கிச் சூட்டு ஆண்டு என்றே சொல்கிறது.

ஆக, ஆற்றைக் கெடுத்ததில் மனிதருக்குப் பங்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெட்டிப்போட்ட ஒவ்வொரு கல்லும் காற்றுக்கும் நீருக்கும் புதிய பரப்பைத் திறந்துவிட்டது. குவிந்த கழிவுகள் இன்றும் அமிலத்தை வடித்துக்கொண்டிருக்கின்றன. ஆயினும் தொடக்கம் மனிதருடையது அல்ல. ஆற்றங்கரை மேடுகளில் பழைய இரும்புப் படிவுகள் பாறையாக இறுகிக் கிடக்கின்றன. இதே அமில ஆறு, இதே முறையில் படியவிட்டவை அவை. அவற்றுள் பழையவற்றின் வயது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகள். உளி பிடிக்கும் கை பிறப்பதற்கு வெகு காலம் முன்பே இந்த ஆறு சிவந்துதான் ஓடியிருக்கிறது.

செவ்வாய்க்கு ஒரு சாளரம்

மீன் இல்லாத இந்த ஆற்றில் வேறு என்ன இருக்க முடியும்? ஸ்பானிய நுண்ணுயிரியலாளர் ரிகார்தோ ஆமில்ஸும் அவர் குழுவினரும் பல்லாண்டுகளாகத் தேடியதில், பாக்டீரியாக்களுடன் பாசிகள், பூஞ்சைகள், அமீபாக்கள் என்று ஒரு பெரிய கூட்டமே கிடைத்தது. உட்கரு கொண்ட சிக்கலான செல்கள் இத்தனை வகையாக இங்கே வாழ்வதை 2002-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு விவரித்தது. உலோகமும் அமிலமும் மிகுந்த இடத்தில் மிக எளிய உயிர்கள் மட்டுமே தாங்கும் என்ற எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. கரையோரம் சிவப்பு நீருக்கடியில் பச்சை இழைகள் அசைவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கரைந்த இரும்பு புற ஊதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்வதால், அந்தச் சிவப்பே பாசிகளுக்குக் குடையாகவும் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் செவ்வாய்க் கோள் கதைக்குள் வருகிறது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஆப்பர்சூனிட்டி ஊர்தி, மெரிடியானி சமவெளியின் பாறைகளில் ஜாரோசைட் என்ற கனிமத்தைக் கண்டது. இரும்பும் கந்தகமும் அமில நீரில் சேர்ந்தால்தான் அது உண்டாகும். ஒரு காலத்தில் அங்கே நீர் இருந்தது என்பதற்கு வலுவான சான்று. அதே ஜாரோசைட் ரியோ டின்டோவின் கரையில் இன்றும் படிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கனிமத்துக்கு 1852-இல் பெயர் வந்ததும் தென் ஸ்பெயினிலிருந்துதான், அல்மேரியா மாகாணத்தின் ஹாரோசோ ஓடையின் பெயரால்.

செவ்வாயின் மேற்பரப்பு இன்று வறண்டு, கடுங்கதிர்களுக்கு ஆளாகிக் கிடக்கிறது. உயிர் இருந்தால் அடியில்தான் இருக்க வேண்டும். அதற்கு ஒத்திகையாக 2003 முதல் 2005 வரை நாசா விஞ்ஞானிகளும் ஸ்பெயினின் வான்உயிரியல் மையத்தாரும் பேன்யா தெ இயெர்ரோவில் துளையிட்டார்கள். பின்னர் 600 மீட்டருக்கும் மேலான ஆழத்துக்குத் துளையிட்டு எடுத்த பாறைகளிலும் நுண்ணுயிர்கள் இருப்பதை 2023-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஒளியே எட்டாத இருட்டில், பாறையின் நுண்விரிசல்களில், இரும்பையும் கந்தகத்தையும் நைட்ரஜனையும் கைமாற்றிக்கொண்டு ஓர் உலகம் இயங்குகிறது. நாம் பார்க்கும் ஆறு அந்த உலகத்தின் வாசல் மட்டுமே.

நியெப்லாவைத் தாண்டிய பின் ஆறு அகன்று, மொகேர், பாலோஸ் என்ற இன்னும் இரண்டு ஊர்களைத் தொட்டுக்கொண்டு கடல் நீரில் கலந்து புளிப்பை இழக்கிறது. மொகேரில் பிறந்தவர் 1956-இல் இலக்கிய நோபல் பெற்ற கவிஞர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸ். சுரங்கங்களால் தம் ஊர் ஆறு பட்ட பாட்டைத் தமது 'பிளாதெரோவும் நானும்' நூலில் வருந்தி எழுதியிருக்கிறார். பாலோஸிலிருந்துதான் 1492 ஆகஸ்ட் 3-ஆம் நாள் கொலம்பஸின் மூன்று கப்பல்கள் புறப்பட்டன. புதிய உலகம் தேடும் பயணங்கள் இந்த ஆற்றுக்குப் புதியவை அல்ல.

ஆற்றின் மேற்பகுதியை அந்தலூசிய அரசு பாதுகாக்கப்பட்ட நிலக்காட்சியாக அறிவித்திருக்கிறது. ரியோதின்டோ சுரங்க ஊரில் அருங்காட்சியகம் உண்டு. பழைய தாது ரயில் பாதையில் இன்று பயணிகள் ரயில் ஆற்றை ஒட்டிப் போகிறது. 2001-இல் மூடிய சுரங்கம் 2015-இல் மீண்டும் திறந்திருக்கிறது. பழைய கழிவுகளையும் புதிய கழிவுகளையும் கட்டுக்குள் வைப்பது அங்கே இன்றும் தீராத கடமை. இயற்கையே அமில ஆற்றைப் படைத்திருக்கிறது என்பது, நம் கழிவை ஆற்றில் விடுவதற்கு ஒருநாளும் அனுமதிச் சீட்டு ஆகாது. இந்த ஆற்றின் உயிர்கள் பல லட்சம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டு புளிப்புக்குப் பழகின. ஒரே தலைமுறையில் நாம் கெடுக்கும் ஆறுகளின் மீன்களுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், மதிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பாலத்தடிக்கு இறங்குங்கள். நீரைக் குடிக்க வேண்டாம், காலணியும் கறைபடும். கரையில் குனிந்து, சிவப்பு நீருக்கடியில் அந்தப் பச்சை இழைகளைத் தேடிப் பாருங்கள். சற்று நேரம் பொறுமையாகப் பார்த்தால், வெயிலில் அவற்றின்மேல் சிறு குமிழிகள் ஏறி நிற்பதும் தெரியலாம். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன்தான் அது.