ஒலியைக் கூட்ட ஒரு கவண்

பாட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டுமா? கவணை இழுத்து விடுங்கள். உருண்டை பறந்து போய்ச் சத்தத்தின் அளவுக்கோட்டில் எங்கே விழுகிறதோ, அவ்வளவுதான் சத்தம். குறி தப்பினால் காது கிழியும். 2017-ல் இணையத்தில் புரோகிராமர்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிச் செய்த கூத்து இது. இருப்பதிலேயே கேவலமான வால்யூம் கண்ட்ரோலைச் செய்வது யார் என்று போட்டி. ஒருவர் கோட்டையே சாய்த்து வைத்துக் குண்டை உருட்டிவிட்டார். போன் நம்பரையும் விடவில்லை. கம்ப்யூட்டரே ஏதோ ஒரு நம்பரைக் காட்டி, ‘இது உங்களுடையதா?’ என்று கேட்கும். இல்லை என்றால் அடுத்த நம்பர். விடிய விடிய ‘இல்லை’ சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

இந்தக் கிறுக்கு டெக்சாஸின் ரவுண்ட் ராக்கிலும் உண்டு. ஆஸ்டினுக்கு வடக்கே, ப்ரஷி ஓடையில் கிடக்கும் உருண்டைப் பாறையால் பெயர் பெற்ற ஊர். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். பட்டன் நீலமா பச்சையா என்று பகலெல்லாம் மீட்டிங் போடுகிறவர்கள், சனிக்கிழமை ராத்திரி பிரியாணிக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து, யாராலும் அழுத்த முடியாத பட்டனைச் செய்து பார்க்கிறார்கள். மவுஸ் அம்பு கிட்டே வந்தால் பட்டன் நழுவி ஓடும். வீடே சிரிக்கிறது.

நான் போயிருந்த வீட்டில் ஒரு தம்பி செய்திருந்தது பிறந்த தேதிப் படிவம். திரையில் இன்றைய தேதி இருக்கும். ஒரு முறை அமுக்கினால் ஒரு நாள் பின்னால் போகும். வேறு வழி கிடையாது. திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 74 வயதுப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சிரத்தையாக அமுக்க ஆரம்பித்தார். அவர் பிறந்த நாளுக்குப் போய்ச் சேர 27,000 தடவைக்கு மேல் அமுக்க வேண்டும். “இது எந்த ஆபீஸ் பாரம், தம்பி?” என்றார். “ஐயோ அங்கிள், இது ஜோக்!” “அப்படியா? நான் நெசம்னுல்லா நெனச்சேன்.”

அவர் நினைத்ததில் என்ன தப்பு? எனக்கு அந்த இடத்தில்தான் சிரிப்பு நின்றுபோனது.

பெல்ஜியத்தில் 2019-ல் செய்யப்பட்ட ‘யூசர் இன்யர்ஃபேஸ்’ விளையாட்டைப் பாருங்கள். பக்கத்தின் நடுவில் பெரிய பச்சைப் பட்டன். அதில் கொட்டை எழுத்தில் ‘நோ’ என்று இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. கடிகாரம் ஒன்று நடுவில் குதித்து ‘சீக்கிரம்’ என்று மிரட்டும். 2023-ல் வந்த ‘பாஸ்வேர்டு கேம்’ இன்னும் ஒரு படி மேலே. எண்களைக் கூட்டினால் 25 வர வேண்டும், மாதத்தின் பெயர் இருக்க வேண்டும், செஸ்ஸில் சரியான நகர்வைச் சொல்ல வேண்டும் என்று 35 விதிகள். போதாக்குறைக்குப் பாஸ்வேர்டுக்குள் முட்டை ஒன்று வந்து உட்காரும், அதையும் காப்பாற்ற வேண்டும். முட்டையைத் தவிர மற்றதெல்லாம் நமக்கு என்றைக்காவது நடந்த மாதிரிதானே இருக்கிறது?

நம் ஆட்களுக்குப் பெயரே வில்லங்கம். பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். சொந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று ஏறிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம். அப்புறம் மருந்துக் கடையில் ‘மிஸ்டர் ஃப்னூ’ என்று கூப்பிடுவார்கள், எழுந்து போக வேண்டும். இனிஷியலை மட்டும் போட்டால், ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று திட்டும் படிவங்கள் உண்டு. விரித்து எழுதினால் ஆபீஸ் முழுக்க அப்பா பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடும். வேண்டாத மருமகள் கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

தப்பைச் செய்து பார்த்துத்தான் நல்ல டிசைனைக் கற்கிறோம் என்கிறார்கள் ஜோக் படிவம் செய்கிற இளைஞர்கள். இருக்கலாம்.

ஆனால் வேண்டுமென்றே செய்வது விளையாட்டில் மட்டுமா? இந்தியாவில் 2023 நவம்பரில் வந்த அரசு வழிகாட்டுதல், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டது. விமான டிக்கெட்டில் இன்சூரன்ஸ் வேண்டாம் என்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமலே இருந்துகொள்கிறேன்’ என்று சொல்லவைத்து வெட்கப்படுத்துவது அதில் ஒன்று. ‘இரண்டே அறைகள்தான் பாக்கி’ என்று பொய் அவசரம் காட்டுவது இன்னொன்று. அமெரிக்காவில், சந்தாவில் சேர்வது எவ்வளவு சுலபமோ, அதை நிறுத்துவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2025 ஜூலையில் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது.

மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் பெரியவர்களுக்குப் பிழைப்பு ஓடுகிறது. ரவுண்ட் ராக்கில் எட்டாம் வகுப்புப் பேத்தியின் கையில்தான் தாத்தாவின் பாஸ்வேர்டு எல்லாம். ஊரில் தனியாக இருக்கிறவர்களுக்கு யார்?

திருநெல்வேலிப் பெரியவர் பென்ஷன்காரர். போன நவம்பரில் உயிரோடிருப்பதற்கான சான்றைச் செல்போனிலேயே கொடுக்கப் பார்த்திருக்கிறார். முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னதாம் ஆப். சிமிட்டினார். மறுபடியும் சிமிட்டு என்றதாம். பால்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “யாருக்கு சார் கண்ணடிக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார்.