சோயா வேரில் ஓடும் சிவப்பு

பூக்கும் பருவத்தில் இருக்கும் சோயாச் செடி ஒன்றை வேர் அறுபடாமல் தோண்டி எடுத்துப் பாருங்கள். மிளகு அளவில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது தழைச்சத்து சேர்க்காத வெறும் முடிச்சு.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்துதான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்து கிடப்பதால் எந்தச் செடியாலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அந்தப் பிணைப்பை உடைத்து அமோனியா ஆக்க, உர ஆலைகள் 400 டிகிரியை ஒட்டிய வெப்பத்தையும் காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தையும் கொடுக்கின்றன. முடிச்சுக்குள் குடியிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா இதே வேலையை மண்ணின் சூட்டிலேயே, நைட்ரோஜினேஸ் என்ற நொதியால் முடித்துவிடுகிறது.

சிக்கல் ஒன்றுதான். ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டாலோ பாக்டீரியா மூச்சுவிட முடியாது. சிவப்புக்கு இங்கேதான் வேலை. நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் தூரத்து உறவான லெக்ஹீமோகுளோபினைச் செடியே தயாரித்து, ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளவாக உள்ளே விடுகிறது. (இதே புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்து, இறைச்சி வாசத்துக்காகத் தாவர பர்கரில் சேர்க்கிறார்கள் அமெரிக்காவில்!)

பாக்டீரியாவுக்குக் கூலி, இலை சமைத்த சர்க்கரை. அதனால் மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி முடிச்சுப் போடுவதையே குறைத்துக்கொள்ளும். யூரியாவை அள்ளிக் கொட்டுவது, சும்மா கிடைப்பதைத் தடுத்துவிட்டுக் காசு கொடுத்து வாங்குவதுதான்.

இதைப் பிரேசில் சரியாகப் பிடித்துக்கொண்டது. சீனாவிலிருந்து பரவிய சோயாவுக்கு ஏற்ற பாக்டீரியா பிரேசில் மண்ணில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய விஞ்ஞானி யோஹானா டோபரைனர், உரத்தை நம்பாமல் முடிச்சை நம்பும் ரகங்களே வேண்டும் என்று 1960களிலேயே வாதாடினார். ஒரு டன் சோயா விளைய ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜன் தேவை என்பதை வைத்துப் பார்த்தால், மிச்சமான உரச்செலவு கொஞ்சநஞ்சமல்ல. உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் அந்த நாட்டில் இப்பயிருக்கு யூரியா போடுவது அபூர்வம். அதே வழியில் உழைத்த விஞ்ஞானி மரியாங்கெலா உங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

பழைய பாக்டீரியா மண்ணில் தங்கியிருந்தாலும், ஆண்டுதோறும் விதையில் புதிதாகக் கலந்தால் விளைச்சல் கூடுகிறது என்று காட்டியவர் அவர். கலக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: பாக்டீரியாப் பொட்டலத்தில் இருப்பது உயிர். விதையை நிழலில்தான் உலர்த்த வேண்டும், அன்றைக்கே விதைத்துவிட வேண்டும்.